வினாவின் கடைசிச் சொல்லை வாசியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் என்னைத் தேடி வரும் பிள்ளைகளில் பலர் சொல்வது அநேகமாக ஒன்றுதான். "சேர், ஐந்து வினாவும் எழுதினேன். மேலதிகத் தாளும் வாங்கினேன். பொருளியலுக்கு மட்டும் எஸ் வந்திருக்கிறது." எஸ் என்பது சித்தித் தரங்களில் ஆகக் கீழானது. அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். களுவாஞ்சிகுடியில் மாலை வகுப்பு நடத்துகிறவன் நான். மண்டூரிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி குருமண்வெளித் துறையில் இறங்கி வருகிற பிள்ளையும், பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டிச் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளையும் எவ்வளவு பாடுபட்டுப் படிக்கிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். குறிப்புக் கொப்பியில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். விலை நெகிழ்ச்சியைத் தீர்மானிக்கும் காரணிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார்கள்.

அப்படியானால் புள்ளி எங்கே போகிறது? என் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒரு விடை உறுதியாகக் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் வினாவின் தலைப்பைப் பார்த்து விடை எழுதுகிறார்கள். வினா அவர்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அதை யாரும் அவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்காக நான் எழுதியது: "அரிசிக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்படுவதனால் சந்தையில் ஏற்படக்கூடிய விளைவுகளை வரைபடத்தின் உதவியுடன் விளக்குக." தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ஆங்கில மொழிமூலத்தில் எழுதுகிற மாணவருக்கு முதல் சொல்லே கட்டளையாக வந்துவிடும். நம் பிள்ளை "அரிசி" என்கிற இடத்தில் நிமிர்கிறாள், "உச்ச விலை" என்கிற இடத்தில் அவளுக்குப் பாடக்குறிப்பின் பக்கமே கண்ணில் தெரிகிறது, பேனை ஓடத் தொடங்கிவிடுகிறது. "விளக்குக" என்ற சொல்லுக்கு வந்து சேரும்போது மனத்தில் விடை பாதி எழுதி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவளுக்கு வெறும் முற்றுப்புள்ளி. ஆகவே என் வகுப்பில் முதல் விதி, வினாவை ஒரு முறை வாசித்த பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி மறுபடியும் வாசிப்பது. விளக்குக. எதன் உதவியுடன்? வரைபடத்தின். எதை? விளைவுகளை. எங்கே? சந்தையில். இப்படி வாசித்தால் விடையின் வடிவம் முதலில் கிடைக்கும், உள்ளடக்கம் அதற்குள் வந்து அமரும்.

இதே அரிசி உச்ச விலையை, அதாவது இதற்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு விதிக்கும் விலையை, வெவ்வேறு கட்டளைகளின் கீழ் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். வகுப்பில் நான் பயன்படுத்தும் எண்களையே இங்கும் தருகிறேன். ஒரு கிலோ அரிசியின் விலை 'வி' ரூபா. கேள்வித் தொகை (வாங்க விரும்பும் அளவு) 500 − வி. நிரம்பல் தொகை (விற்க விரும்பும் அளவு) −100 + 2வி. தொகைகள் ஆயிரம் கிலோவில். இவை கணக்குக்காக அமைத்த எண்கள். உண்மைச் சந்தையின் தரவுகள் அல்ல.

"சமநிலை விலையையும் தொகையையும் கணிக்குக" என்றால் இரண்டு சமன்பாடுகளையும் சமப்படுத்தி, 3வி = 600 என்று கொண்டுவந்து, விலை 200 ரூபா, தொகை 300 ஆயிரம் கிலோ என்று அலகோடு எழுத வேண்டும். இங்கே சந்தைச் சமநிலைக்கு வரைவிலக்கணம் எழுதி நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. படிமுறை வேண்டும், அலகு வேண்டும். விடையை மட்டும் எழுதி அது தவறிப்போனால் திருத்துகிறவர் புள்ளி கொடுக்க நினைத்தாலும் கொடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

"180 ரூபா உச்ச விலையின் விளைவுகள் இரண்டைக் குறிப்பிடுக" என்றால் இரண்டு வரி போதும். சந்தையில் 60 ஆயிரம் கிலோ பற்றாக்குறை ஏற்படும். கள்ளச் சந்தை தோன்றும். அவ்வளவுதான். இங்கே அரைப் பக்கம் எழுதுகிற பிள்ளை அடுத்த வினாவின் நேரத்தைத் திருடுகிறாள். இரண்டு கேட்ட இடத்தில் ஐந்து எழுதுவதும் வேண்டாம். முதல் இரண்டு மட்டுமே பார்க்கப்படும் என்று நினைத்துக்கொண்டு மிகச் சரியான இரண்டை எழுதுவதே பாதுகாப்பு.

"விளக்குக" என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பிள்ளைகள் பலருக்கு விளக்குதல் என்றால் நீளமாக எழுதுதல். ஐந்து விளைவுகளை ஐந்து வரியில் எழுதிவிட்டு விளக்கிவிட்டதாக எண்ணுகிறார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் மதகிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் இடையில் அறுபடாமல் வருகிறதல்லவா, விளக்கமும் அப்படி ஒரு காரணத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் இறங்க வேண்டும். விலை 200 இலிருந்து 180 ஆகக் குறைக்கப்படுகிறது. குறைந்த விலையில் வாங்க விரும்புவோர் கூடுகிறார்கள், ஆகவே கேள்வித் தொகை 300 இலிருந்து 320 ஆகிறது. அதே விலையில் விற்பது சிலருக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே நிரம்பல் தொகை 260 ஆகச் சுருங்குகிறது. இடைவெளி 60. வழக்கமாக விலை உயர்ந்து இந்த இடைவெளியை மூடிவிடும், இங்கே சட்டம் அதைத் தடுக்கிறது, ஆகவே பற்றாக்குறை நிலைத்துவிடுகிறது. நிலைத்த பற்றாக்குறையில் பொருளைப் பங்கிட விலைக்குப் பதிலாக வரிசையும் அறிமுகமும் வந்து சேர்கின்றன. 260 ஆயிரம் கிலோ மட்டுமே சந்தையில் இருக்கும்போது அதற்கு 240 ரூபா வரை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி வளையி (ஒவ்வொரு விலையிலும் கேள்வித் தொகையைக் காட்டும் கோடு) சொல்கிறது, ஆகவே மறைவில் விற்கத் தூண்டுதல் உண்டாகிறது. இந்த "ஆகவே"க்களை எடுத்துவிட்டால் இது வெறும் பட்டியல். ஒரு விளைவை இப்படி முழுதாக விளக்கும் பிள்ளை, ஐந்தைத் தொட்டுச் செல்லும் பிள்ளையைவிட மேலே நிற்பாள்.

வரைபடத்தின் உதவியுடன் என்று கேட்டிருந்தால் வரைபடம் விடைக்குள் வேலை செய்ய வேண்டும். அச்சுகளுக்குப் பெயர், வளையிகளுக்குப் பெயர், சமநிலைப் புள்ளி, உச்ச விலைக் கோடு, பற்றாக்குறைத் தூரம் எல்லாம் குறிக்கப்பட்டு, "வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளவாறு" என்று எழுத்தில் அதைத் தொட்டுப் பேச வேண்டும். ஒரு மூலையில் அழகாக வரைந்து, பெயரிடாமல் விட்டுப் போகிற வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. பாதி வேலையைச் செய்துவிட்டுக் கூலி வாங்காமல் போகிறார்கள்.

இனி "மதிப்பிடுக". இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

மதிப்பிடச் சொல்லும் வினா ஒரு தீர்ப்பைக் கேட்கிறது. தீர்ப்புக்கு இரு பக்கமும் கேட்டிருக்க வேண்டும், எடை போட்டிருக்க வேண்டும், எந்த நிபந்தனையில் இந்த முடிவு நிற்கும் என்று சொல்ல வேண்டும். நன்மை நான்கு, தீமை நான்கு என்று எழுதி நிறுத்தினால் எடை போடும் வேலை பாக்கியாக இருக்கிறது. நமது எண்களிலேயே பாருங்கள். உச்ச விலைக்கு முன் நுகர்வோர் மிகை (கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்) 450 இலட்சம் ரூபா. பிறகு அது 494 இலட்சம். ஆக நுகர்வோருக்கு 44 இலட்சம் ரூபா நன்மை. உற்பத்தியாளர் மிகை (விற்ற விலைக்கும் விற்கச் சம்மதிக்கும் ஆகக் குறைந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) 225 இலட்சத்திலிருந்து 169 இலட்சமாக, அதாவது 56 இலட்சத்தால் குறைகிறது. இரண்டையும் கழித்தால் சமூகத்துக்கு 12 இலட்சம் ரூபா நிகர இழப்பு. வளையிகளை வரைந்து முக்கோணப் பரப்பைக் கணித்தாலும் இதே 12 இலட்சம் வரும். இது வரை வந்தது பகுப்பாய்வு.

மதிப்பீடு இதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. அந்த 44 இலட்சம் உண்மையில் கிடைக்குமா? கிடைக்கும் அரிசி, அதற்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடமே போய்ச் சேர்கிறது என்ற எடுகோளில்தான் அந்த எண் நிற்கிறது. வரிசையில் நிற்க நேரமுள்ளவருக்கும் கடைக்காரருக்கு வேண்டியவருக்கும் அரிசி போனால் நன்மை சுருங்கும். குறுங்காலத்தில் வயலில் நெல் ஏற்கெனவே விளைந்து கிடக்கிறது, நிரம்பல் அதிகம் குறையாது. அடுத்த போகத்தில் விவசாயி விதைப்பதைக் குறைத்தால் பற்றாக்குறை பெருகும். நுகர்வோர் விவகார அதிகார சபை வர்த்தமானியில் உச்ச சில்லறை விலையை வெளியிட்டாலும் அதைக் கண்காணிக்க முடியுமா? இறக்குமதி திறந்திருக்கிறதா? இவற்றில் இரண்டை எடுத்து, "ஆகவே குறுங்காலத்தில் இது ஏழை நுகர்வோருக்கு உதவலாம், ஆனால் நிரம்பலைக் கூட்டும் வழி இல்லாமல் இரண்டு போகங்களுக்கு நீடித்தால் பாதகமே மிஞ்சும்" என்று முடிவு சொல்கிறவள் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். முடிவு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது முக்கியமில்லை. அது வாதத்திலிருந்து பிறந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

மண்டூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவியின் விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அரிசி வினாவை "மதிப்பிடுக" என்று மாற்றி 6 புள்ளிக்குக் கொடுத்திருந்தேன். நீல மையில் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள். தலைப்புக்கு அடிக்கோடு. உச்ச விலையின் வரைவிலக்கணம். வரைபடம், குறைசொல்ல முடியாதது. பிறகு விளைவுகள் எட்டு, இலக்கமிட்டு. தீர்ப்பு என்று ஒரு வரியும் இல்லை. மேல் மட்டப் புள்ளிகளைக் கொடுக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்து, "மகள், உங்கள் வீட்டுக்கு இந்த விலைக் கட்டுப்பாடு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். பெரும்போக வெள்ளாமை வெட்டுகிற மாசி, பங்குனியில் எல்லா வயல் வட்டையிலும் ஒரே நேரத்தில் நெல் வருகிறது. உரத்துக்கும் உழவுக்கும் பட்ட கடனை அடைக்க வேண்டியிருப்பதால் அப்பா ஈர நெல்லையே விற்றுவிடுகிறார். அந்த நேரத்தில் அரிசி விலையை இறுக்கினால் ஆலைக்காரர் அதைக் காரணம் காட்டி நெல் விலையை இன்னும் குறைப்பார். ஆனால் வீட்டு நெல் முடிந்து கடையில் அரிசி வாங்குகிற மாதங்களில் அதே கட்டுப்பாடு எங்களுக்கு உதவும். "அதனால் எப்போது போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது, சேர்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மதிப்பீடு. அவளது விடைத்தாளில் இல்லாமல் போனது அதுதான். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது வீட்டுக் கதை அல்லவா சேர்" என்றாள்.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. நெல்லும் மீனும் கடனும் விலையும் பேசப்படும் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் இவர்கள். ஒரே குடும்பம் ஆண்டின் ஒரு பகுதியில் விற்பவராகவும் மறு பகுதியில் வாங்குபவராகவும் இருப்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிந்தவர்கள். நெல்லுக்கு அரசின் உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவு தொடங்கப் பிந்தினால் என்ன ஆகும் என்பதை இவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. "ஆராய்க", "மதிப்பிடுக" என்ற சொற்கள் வருகிற இடமே இவர்களின் சொந்த வயல். வரைவிலக்கணத்தில் முழுப் புள்ளியும் எடுத்துவிட்டு அந்த வயலுக்குள் இறங்காமல் வரம்பிலேயே நின்றுவிடுகிறார்கள்.

"வேறுபடுத்துக" வேறு வகை. இங்கே பிள்ளைகள் இரண்டு வரைவிலக்கணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வேறுபாட்டைத் திருத்துகிறவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வேறுபாடு எந்த அடிப்படையில் என்று முதலில் சொல்லி, அந்த ஒரே அடிப்படையில் இரண்டையும் நிறுத்திக் காட்ட வேண்டும். பணவீக்க வீதம் குறைவதையும் விலை மட்டம் குறைவதையும் வேறுபடுத்தச் சொன்னால் நம் நாட்டின் அண்மைய அனுபவமே போதும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 ஜூலையில் 6.3 சதவீதமாக இறங்கியது. விலைகள் அப்போதும் முந்திய ஆண்டைவிடக் கூடவே இருந்தன, கூடும் வேகம்தான் தணிந்தது. 2024 செப்டெம்பரில் அது −0.5 சதவீதம் ஆனது, அதாவது பொது விலை மட்டமே ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிடச் சற்றுக் கீழே வந்தது. அடிப்படை ஒன்று: விலை மட்டம் எந்தத் திசையில் நகர்கிறது. முதலாவதில் மேலே, மெதுவாக. இரண்டாவதில் கீழே. இப்படி இரண்டு வரியில் எழுதி, எண்ணை உதாரணமாக வைத்தால் வேலை முடிந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். "யாது?" என்றால் வரைவிலக்கணம், இயன்றால் ஓர் உதாரணம். "பட்டியலிடுக", "இனங்காண்க" இரண்டிலும் விளக்கம் தேவையில்லை. "சுருக்கமாக" என்ற அடைமொழி வந்தால் அதை மதிக்க வேண்டும். பல்தேர்வு வினாத்தாளில் "பொருந்தாதது", "தவறானது" என்ற சொற்களைக் கட்டம் கட்டிவிட்டே தெரிவுகளுக்குப் போக வேண்டும். விடை தெரிந்திருந்தும் புள்ளியை இழக்கும் இடம் அது.

உலகின் வேறு இடங்களில் இதைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டங்களில் கட்டளைச் சொற்களுக்குத் தனியாக ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரியோடு. இங்கிலாந்தின் உயர்தரப் பொருளியலில் அறிவு, பிரயோகம், பகுப்பாய்வு, மதிப்பீடு என்று நான்கு நோக்கங்களாகப் பிரித்தே புள்ளி வழங்குகிறார்கள். இதற்கெல்லாம் பின்னால் 1956 இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் வகுத்த கற்றல் படிநிலைகளின் சாயல் உண்டு. நம் ஆசிரியர்களில் பலர் பயிற்சிக் காலத்தில் புளூமைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். அந்த அறிவு பாடத்திட்டமிடல் கொப்பியோடு நின்றுவிடாமல் பிள்ளையின் கைக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு பயிற்சி. தலைப்பை மாற்றாமல் கட்டளைச் சொல்லை மட்டும் மாற்றிச் சோதனை வையுங்கள். ஒரே வகுப்பில் ஒரு வரிசைக்கு "குறிப்பிடுக", அடுத்த வரிசைக்கு "விளக்குக", மூன்றாவதற்கு "மதிப்பிடுக". எழுதி முடித்ததும் விடைத்தாள்களை மாற்றிக் கொடுத்து, வினா இல்லாமல் விடையை மட்டும் வாசித்து, இது எந்தச் சொல்லுக்கு எழுதப்பட்ட விடை என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதைப் பிள்ளைகளே கண்டு திடுக்கிடுவார்கள். ஒரு தவணை தொடர்ந்து செய்தால் விடைகள் பிரியத் தொடங்கும். இதற்குப் புதிய குறிப்பும் வேண்டாம், அச்சிட்ட கையேடும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு, பரீட்சை மண்டபத்தில் செய்ய வேண்டியது இது. இரண்டாம் வினாத்தாளுக்கு மேலதிக வாசிப்பு நேரமாகப் பத்து நிமிடம் தருகிறார்கள். எந்த வினா சுலபம் என்று தலைப்பை வைத்துத் தெரிவு செய்ய அதைச் செலவிடாதீர்கள். ஒவ்வொரு வினாவின் உட்பிரிவுகளிலும் கடைசிச் சொல்லையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் புள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். தலைப்பு பழகியதாக இருந்து கட்டளை கைவராததாக இருந்தால் அந்த வினா உங்களுக்குச் சுலபமானதல்ல. மூன்று மணித்தியாலம், ஐந்து வினா, வினா ஒன்றுக்கு 20 புள்ளி. ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. 4 புள்ளிப் பகுதிக்கு ஏழு நிமிடம். 2 புள்ளிக்குரிய "யாது?"வில் பத்து நிமிடம் இருந்துவிட்டால் கடைசி வினாவின் "மதிப்பிடுக"வுக்கு நேரம் இருக்காது, நீங்கள் மிக நன்றாக எழுதக்கூடிய பகுதி அதுவாக இருக்கலாம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது தளர்த்தப்பட்டது. அந்தப் போகத்தை உங்கள் வீடுகளில் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பிறகு இந்த மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். உரத் தடை நெல் நிரம்பலைப் பாதித்த வழிகள் இரண்டைக் குறிப்பிடுக (2 புள்ளி). அவற்றில் ஒன்றை வரைபடத்தின் உதவியுடன் விளக்குக (4 புள்ளி). அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்கான ஒரு வழியாக இத்தடையை மதிப்பிடுக (6 புள்ளி). மூன்றாவதை எழுதும்போது வீட்டில் கேட்டதைக் கட்டாயம் சேருங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம்.